ஆல்பம் வராத கல்யாணங்கள்

பழவேற்காடு ஏரியில் பூநாரைக் கூட்டம் மொத்தமாக எழும்பிப் பறக்கிற மாதிரி நான் எடுத்த படங்கள் எல்லாமே துரத்தி எடுத்தவை. அவற்றைப் பார்த்து வியந்தவர்கள் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. நின்று மேயும்போது பூநாரை தூரத்திலிருந்து ஏறக்குறைய வெள்ளையாகத்தான் தெரியும். இறக்கையை விரித்தால்தான் உள்ளே இருக்கிற சிவப்பும் கறுப்பும் வெளியே வரும். தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டி, சென்னையிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பி, கழுத்தில் பெரிய லென்ஸோடு வந்து நிற்பவர்களுக்கு வெள்ளைப் பூநாரை போதாது. அதனால் படகுக்காரருக்கு ஒரு சைகை காட்டுவேன். அவர் இன்ஜினை முடுக்குவார். தலையைக் கவிழ்த்து, அலகைத் தண்ணீருக்குள் விட்டுச் சேற்றைச் சலித்துக்கொண்டிருந்த பறவைகள் முதலில் கழுத்தை நிமிர்த்தும். அப்புறம் எங்களுக்கு முதுகைக் காட்டி நடக்கும். படகு நிற்காமல் வருகிறது என்று தெரிந்ததும் தண்ணீர் மேலேயே நாலு எட்டு ஓடி எழும்பும். படகில் இருக்கிற கேமராக்கள் எல்லாம் அந்த நாலு எட்டுக்காகத்தான் காத்திருக்கும்.

அவை எங்கேயோ போய் இறங்கி, மறுபடி தலையைக் கவிழ்ப்பதற்குள் எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் பார்த்ததில்லை. அதற்குள் நாங்கள் கரைக்கு வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்போம். ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. படகில் ஏறுவதற்கு முன்னால் நான் பேசுகிற அறிமுகப் பேச்சிலேயே அதைச் சொல்வேன்.

கொஞ்ச காலம் முன்பு என்னால் படம் எடுக்க முடியாமல் போனது. கேட்டவர்களிடம் எல்லாம் 'பர்ன் அவுட்' என்றேன். அதற்கு நல்ல மரியாதை இருந்தது. "ரெஸ்ட் எடுங்க பாஸ், உள்ளே இருக்கிற கலைஞன் திரும்பி வருவான்" என்றார்கள். நான் சொன்ன கதையில் விட்டுப்போன பகுதிகளை இப்போது எழுதுகிறேன். அவற்றை நானேதான் விட்டேன்.

நான் பொன்னேரிப் பக்கத்துக்காரன். கொஞ்ச நாள் ஸ்டூடியோ வைத்திருந்தேன். வாடகை கட்ட முடியாமல் மூடிவிட்டு, வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு தொழில் செய்கிறேன். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுநன்மை, எது வந்தாலும் எடுப்பேன். பழவேற்காட்டைச் சுற்றி இருக்கிற குப்பங்களும் ஊர்களும்தான் என் தொழிலுக்குச் சோறு. இந்தப் பகுதியில் இந்து, கிறிஸ்தவர், இஸ்லாமியர் மூன்று சமயத்தவரும் கலந்து இருக்கிறார்கள்.

கல்யாண போட்டோகிராபருக்கு ஓய்வே கிடையாது என்று சொல்கிறவர்கள் நாட்காட்டியைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஆடியில் கல்யாணம் இல்லை. மார்கழியில் இல்லை. கிறிஸ்தவ வீடுகளில் தவக்காலத்தில் வைக்க மாட்டார்கள். ரமலான் நோன்பு மாதத்தில் இஸ்லாமிய வீடுகளில் அநேகமாக நடக்காது. ஊரே கூடி இந்தத் தொழிலுக்கு விடுப்பு எழுதி வைத்திருக்கிறது. நான் என்ன செய்தேன்? ஒரு நாட்காட்டியில் இருக்கிற ஓட்டையை இன்னொரு நாட்காட்டியால் அடைத்தேன். ஆடியில் வெளியூர் ஃபங்ஷன், தவக்காலத்தில் பங்குனி முகூர்த்தம். மார்கழியில் எதுவுமே கிடைக்காது என்பதால், சரியாக அந்தச் சமயத்தில் ஏரிக்கு வருகிற பூநாரையைப் பிடித்துக்கொண்டேன். 'விண்டர் போட்டோ டூர்' என்று பெயர் வைத்து, சும்மா இருக்க வேண்டிய மாதத்தையும் விற்றேன்.

அதில் பூநாரை மட்டும் இல்லை. சூரியன் எழும்புகிற பக்கம் ஒரு மீனவரை நிறுத்தி வீச்சு வலையை வீசச் சொல்வேன். வலை வட்டமாக விரியும்போது பின்னால் சூரியன் இருக்க வேண்டும். ஒரு பெரியவர் என்னிடம், "மீனு அந்தாண்ட கிடக்குது, நீ இந்தாண்ட வீசச் சொல்ற" என்றார். வெளிச்சம் இந்தாண்டதான் இருக்கிறது என்றேன். வந்தவர்களில் யாருக்காவது வலை சரியாக விரியாமல் பதிந்திருந்தால், "இன்னொரு தடவை, தாத்தா" என்று கேட்பேன். ஈர வலையை மறுபடி மடித்துத் தோளில் போட்டு, ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு அவர் திரும்ப நிற்பார். மீன் இல்லாத இடத்தில் அவரை எத்தனை முறை வீச வைத்திருக்கிறேன் என்ற கணக்கு எனக்குத் தெரியாது. அவர் கையில் வைத்த பணம் மட்டும் தெரியும். சென்னையில் ஒரு காபி குடித்துவிட்டுக் கூடவே ஏதாவது கொறித்தால் அது தீர்ந்துவிடும்.

ப்ரீ வெட்டிங் இன்னொரு பாவம். டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் பழவேற்காடு ஊருக்குள்ளேயே இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டுக் கல்லறைகள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். வாசலின் இரண்டு பக்கமும் எலும்புக்கூட்டுச் சிற்பம் நிற்கும். 'வின்டேஜ் லுக்' என்று சொல்லி அந்த வாசலிலேயே மணப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் கட்டிப்பிடிக்க வைத்திருக்கிறேன். பின்னால் எலும்புக்கூடு வந்துவிடாமல் பிரேம் வைப்பதுதான் அன்றைய சாமர்த்தியம்.

படகு விஷயத்தை இப்படிச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் நாளில், உல்லாசமாகப் போன ஒரு படகு பழவேற்காட்டில் கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றக்கூடாது என்று தடை வந்தது. இந்த வட்டாரத்தில் இருக்கிற யாருக்கும் அந்த நாள் மறக்காது. எனக்கும் மறக்கவில்லை. மறக்காமலேதான் பட்டுப்புடவை கட்டிய பெண்களையும் நீச்சல் தெரியாத மாப்பிள்ளைகளையும் படகில் ஏற்றினேன். உயிர்காப்பு உடை போட்டால் படம் கெட்டுவிடும் என்பதால் போடவிடவில்லை. யாராவது கேட்டால் சொந்தக்காரர்கள், அக்கரைக் குப்பத்துக்கு விசேஷத்துக்குப் போகிறோம் என்று சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்தேன். எதுவும் நடக்கவில்லை. அதில் என் பங்கு ஒன்றுமே இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கேமராவுக்கு மாதத் தவணை ஓடிக்கொண்டிருந்தது, கல்யாணங்கள் நின்றன. நடந்த சில கல்யாணங்களிலும் ஆளுக்கு ஒரு செல்போன் இருந்தது, போட்டோகிராபர் தேவைப்படவில்லை. பயந்துபோனேன். அடுத்து கல்யாணங்கள் மறுபடி தொடங்கியபோது, தள்ளிப்போட்டவை, புதியவை எல்லாம் சேர்ந்து வந்தன. வந்த எதையும் விடவில்லை. ஒரே முகூர்த்தத்தில் ஒன்றுக்கு நான், இன்னொன்றுக்குத் தெரிந்த பையன், மூன்றாவதற்கு அந்தப் பையனுக்குத் தெரிந்த பையன் என்று ஓட்டினேன். எல்லாருக்கும் "நானேதான் வருவேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

எடுப்பது ஒரு நாள், இரண்டு நாள் வேலை. அதற்கப்புறம்தான் தொழிலே இருக்கிறது. ஆயிரக்கணக்கான படங்களில் கண்மூடியவை, மங்கியவை, ஒரே மாதிரி இருப்பவை எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். கலர் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர்களை உட்கார வைத்து செலக்‌ஷன் முடிக்க வேண்டும். ஷீட் ஷீட்டாக டிசைன் செய்து லேபுக்கு அனுப்ப வேண்டும். எங்கள் தொழிலில் முன்பணம் ஒரு பங்கு, கல்யாணத்தன்று ஒரு பங்கு, ஆல்பம் கையில் கொடுக்கும்போது மீதி. ஆல்பம் போகாவிட்டால் மீதி வராது. நான் ஆல்பம் போடுவதை நிறுத்தினேன். மடிக்கணினியைத் திறப்பேன். நலங்கு வைக்கிற அத்தையின் அரைக்கண் மூடிய முகம் பெரிதாக வரும். அடுத்த படத்தில் அதே அத்தை, முக்கால் கண். மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வேன். மாதத் தவணை கட்ட வட்டிக்கு வாங்கினேன். எனக்கு வரவேண்டிய மீதிப் பணம் ஒரு ஹார்ட் டிஸ்க்குக்குள் கிடந்தது. அதை எடுக்கக் கை வரவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் இந்த 'பர்ன் அவுட்' நிலைக்கு வரையறை கொடுத்தது. நோய் என்று சொல்லவில்லை. நீண்ட நாள் சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்றது. மூன்று அடையாளம் சொன்னது: உடம்பும் மனமும் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி அதை ஏளனமாகப் பார்ப்பது, திறமை குறைந்துபோவது. மூன்றும் எனக்கு அப்படியே பொருந்தின. அதனால் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டதில் தவறில்லை. ஆனால் அந்த மூன்றில் பொய் சொல்வது வராது. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

முதலில் போனை எடுக்காமல் இருந்தேன். பிறகு என் மனைவி எடுத்து, "அவர் அவுட்டோர் போயிருக்கார்" என்று சொன்னாள். பக்கத்து அறையில் நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். வாசலுக்கே வந்தவர்களிடம் என் பையனை அனுப்பினேன். அவன் பள்ளிக்கூடத்தில் பொய் சொன்னதாக டீச்சர் எழுதி அனுப்பிய நோட்டில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கும் அவனை விட்டே "அப்பா இல்லை" என்று சொல்லச் சொன்னேன்.

கோட்டைக்குப்பம் பக்கத்தில் ஒரு வீடு. எந்த வீடு என்று எழுதப்போவதில்லை. இறால் நன்றாகக் கிடைத்த ஒரு பருவத்தில் மகனுக்குக் கல்யாணம் வைத்தார்கள். 'கேண்டிட்', டிரோன் எல்லாம் வேண்டும் என்று நல்ல பேக்கேஜாகக் கேட்டார்கள். முன்பணத்தை எண்ணிக் கொடுத்தபோது நோட்டுகள் ஈரமாக இருந்தன. கல்யாணம் முடிந்து மாதங்கள் போயின. ஒருநாள் பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பிடித்துவிட்டார். திட்டவில்லை. "இன்னா தம்பி, ஆல்பம் இன்னா ஆச்சி?" என்று மட்டும் கேட்டார். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று சொன்னேன். பொய். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சென்னைக்கு எடுத்துப்போய்க் காட்டினேன், எதுவும் மீட்க முடியவில்லை என்று விவரமும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என் தோளில் கை வைத்தார். "உடு தம்பி. எங்களுக்கு ராத்திரி போட்ட வலை காலைல இருக்காது. புது வலை, கடன் வாங்கிப் போட்ட வலை. போனா போனதுதான். நீ வேணும்னா பண்ண?" என்று கேட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

நான் செய்தவற்றில் எது மோசம் என்று யாராவது கேட்டால், அந்த டீயைக் குடித்ததைச் சொல்வேன். உண்மையாகவே வலை தொலைத்தவர் ஒருவர், வலை தொலைத்த அனுபவத்திலிருந்து எடுத்து எனக்கு ஆறுதல் சொல்கிறார். என் வலை வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

அந்தக் காலத்தில் பெரிய போட்டோகிராபர்களின் வாழ்க்கைக் கதைகளைத் தேடித் தேடிப் படித்தேன். பிரேசில்காரர் செபாஸ்தியாவோ சல்காடோ 1994 ருவாண்டா இனப்படுகொலையைப் படம் எடுத்து, உடம்பு நொறுங்கி, மருத்துவர் நிறுத்தச் சொன்ன பிறகு கேமராவை ஒதுக்கி வைத்தார். காய்ந்து கிடந்த குடும்பப் பண்ணைக்குத் திரும்பி, மனைவி லேலியாவோடு 1998இல் ஒரு நிறுவனம் தொடங்கிக் காடு வளர்த்தார். 2004இல்தான் 'ஜெனசிஸ்' என்ற அடுத்த பெரிய வேலையைத் தொடங்கினார். பிரான்ஸ்காரர் ஆன்றி கார்த்தியே-ப்ரஸ்ஸோன் 1970களில் கேமராவை ஏறக்குறைய கீழே வைத்துவிட்டு ஓவியம் வரையப் போய்விட்டார். நானும் அந்த வரிசையில் ஒருவன் என்று நினைத்துக்கொண்டேன். சல்காடோ பிணக்குவியல்களைப் பார்த்து உடைந்தார். நான் அரைக்கண் மூடிய அத்தையைப் பார்த்து உடைந்தேன். அவர் நிறுத்தியபோது யாருடைய கல்யாணமும் அவர் அலமாரியில் இருந்ததாகப் படிக்கவில்லை.

படித்து முடித்து, புதுக் கேமரா வாங்கினேன். கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' மாடல், அதற்கும் தவணை. புதுக் கருவி வந்தால் பழைய ஆசை வரும் என்று நம்பினேன். கடன்தான் வந்தது.

மாற்றம் தானாக வரவில்லை. மார்கழி டூருக்குப் படகு பேசப் போனபோது, படகுக்காரர் அந்தக் கோட்டைக்குப்பம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தப்பிக்க வழியில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். எதிர்ச் சுவரில் பெரிதாகச் சட்டம் போட்டு அவர்களின் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. யாரோ விருந்தாளி செல்போனில் எடுத்ததைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்திருந்தன. மாப்பிள்ளை தாலி கட்டுகிற நேரம். பெண் முழுசாகத் தெரிகிறாள். மாப்பிள்ளையைப் பாதிக்கு மேல் ஒரு முதுகு மறைக்கிறது. கறுப்புச் சட்டை, இரண்டு தோளிலும் கேமரா வார், இடுப்பில் லென்ஸ் பை. அந்த வீட்டில் இருந்த ஒரே கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையை விடப் பெரிதாக நான் இருந்தேன்.

அன்றைக்கும் சொல்லவில்லை. டீ கொடுத்தார்கள், அதையும் குடித்தேன். மாப்பிள்ளையின் அப்பா திண்ணையில் வலை சீர்செய்துகொண்டிருந்தார். ஏரி நன்றாக இருக்கிறது, இறால் படுகிறது என்று படகுக்காரர் சொன்னார். அப்புறம் ஏன் நீங்கள் போகவில்லை என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் கேட்டேன். "இன்னிக்கு நம்ம பாடு இல்ல" என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.

இந்த ஊர்க்காரனாக இருந்தும் பாடு முறையை நான் ஒழுங்காக விசாரித்தது அதற்குப் பிறகுதான். ஏரியில் முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாகக் கிடைக்கிற இடங்கள் குறைவு. எல்லாரும் ஒரே நாளில் அங்கே சுத்துவலை கட்டினால் யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது. அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் முறை வைத்துக்கொண்டு, குலுக்கிப்போட்டு, இன்று இந்த இடம் இவர்களுக்கு என்று பிரித்துக்கொள்கிற பழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. பாடு இல்லாத நாளில் கடலுக்குப் போகலாம், வேறு வலையோடு ஏரியில் வேறு பக்கம் போகலாம், வீட்டில் வலை தைக்கலாம். கண்ணெதிரே இறால் இருந்தாலும் அடுத்தவர் பாட்டில் கை வைக்கக்கூடாது.

இதை ஒரு ஞானமாக ஆக்கி விற்க எனக்கு உரிமை இல்லை. பாடு எல்லாருக்குமான உரிமை கிடையாது. பிறப்பால் வருகிறது, ஆண்களின் பெயரில்தான் இருக்கிறது. ஏரியைச் சுற்றியுள்ள மற்ற பல ஊர்களுக்கும் இருளர்களுக்கும் அதில் இடமில்லை, அதை வைத்துச் சண்டைகள் நடந்திருக்கின்றன. முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் பாடு உள்ளவருக்கும் இறால் கிடையாது. அவர்கள் சும்மா இருக்கிற நாள் பல சமயம் கடன் வாங்குகிற நாள். ஆனால் எனக்கு ஒன்று உறைத்தது. பசி இருந்தும் இன்று வேண்டாம் என்று நிற்கிற மனிதரின் எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஆடியும் மார்கழியும் தவக்காலமும் ரமலானும் இன்று வேண்டாம் என்று சொல்லியும் நான் நிற்கவில்லை. வேலை அழுத்தத்தை யாரும் கையாளவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்திடம் முறையிடலாம்தான். கையாள வேண்டிய முதலாளி நான்.

அந்த மார்கழி டூரை ரத்து செய்தேன். கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், ஒருவருக்கு மட்டும் தாமதமாக. அலமாரியிலிருந்து டிஸ்க்கை எடுத்து, அந்தக் கல்யாணத்தை முதலில் திறந்தேன். அத்தை அங்கேயேதான் இருந்தாள். கழித்தேன். மதியத்துக்குள் முதுகு வலித்தது. ஒரு உற்சாகமும் வரவில்லை. வேலையில் உட்கார்ந்தால் ஆசை பிறக்கும் என்று சொல்வார்கள். எனக்கு முதலில் பிறந்தது தூக்கம்.

ஆனால் கழித்துக்கொண்டே போகும்போது, பேக்கேஜில் வராத படங்கள் வந்தன. மொய் நோட்டில் பெயர் எழுதுகிற பையன் பேனா எழுதாமல் போனதால் அதை உதறுகிறான், எதிரில் நிற்கிற கிழவி தன் ஐநூறு ரூபாயை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அவன் எழுதி முடிக்கிற வரை தரமாட்டாள். பந்தியில் இலை போட்டுக்கொண்டே ஒரு பெண் கல்யாண மேடையை எட்டிப் பார்க்கிறாள். தன் கல்யாணத்துக்குப் போடாத நகையைப் பார்க்கிறாள் என்று தோன்றியது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம். இவற்றை எடுத்தது நான்தான், எல்லாம் செத்துப்போய்விட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அதே மாதங்களில். அப்போது அவற்றைத் திறந்து பார்க்கக்கூட இல்லை. எடுப்பதற்கு ஆள் இருந்தான். எடுத்ததற்குப் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஆல்பம் அச்சாகி வந்ததும் எடுத்துக்கொண்டு போனேன். மீட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம், எல்லாரும் சந்தோஷப்படுவார்கள் என்று போகிற வழியெல்லாம் தோன்றியது. நிஜத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று மனைவி நிர்ப்பந்தித்திருந்தாள். அவளும் அந்தப் பொய்யில் பங்குதாரர் ஆக்கப்பட்டவள். சொன்னேன். டிஸ்க்குக்கு எதுவும் ஆகவில்லை, எனக்கு வேலை செய்யப் பிடிக்கவில்லை, பயந்து பொய் சொன்னேன் என்றேன். பெண், இப்போது கைக்குழந்தையோடு, "அப்ப எங்க படம் எல்லாம் இவ்ளோ நாள் இருந்துச்சா?" என்று கேட்டாள். இருந்தது என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளையின் அப்பா ஆல்பத்தை ஒவ்வொரு தாளாகப் புரட்டி முடித்தார். "மீதி துட்டு தரமாட்டேன்" என்றார். வேண்டாம் என்றேன். "நீ வேணாம்னு சொல்றதுக்கு இன்னா இருக்குது, நான்தான் தரமாட்டேன்றேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. இந்த முறை டீ வரவில்லை.

குப்பத்தில் விஷயம் பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து இப்போதும் எனக்கு வேலை வருவது குறைவு. அந்தக் குழந்தையின் காதுகுத்துப் படங்களை யாரோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்ததைப் பார்த்தேன். பொன்னேரியில் இன்னொருவர் எடுத்தது. நன்றாக எடுத்திருந்தார், ஒரு வாரத்தில் கொடுத்தும் இருந்தார்.

மற்ற வீடுகளின் வேலையையும் ஒவ்வொன்றாக முடித்தேன். அதற்கிடையில்தான் மதுரைக்காரரான எம். பழனி குமார், கிராமத்து வாழ்க்கையைப் பதிவு செய்யும் 'பாரி' இணையதளத்துக்காக எடுத்த படங்களைப் பார்த்தேன். தண்ணீருக்குள் உட்கார்ந்து நகர்ந்தபடி வெறுங்கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்கள். பிடித்ததைப் போட ஓலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டிருப்பார்கள். எங்கள் ஏரியிலும் இது தினமும் நடக்கிறது. நானும் எடுத்திருக்கிறேன், படகிலிருந்து, நீண்ட லென்ஸில். தண்ணீர் தங்கமாக மின்ன, தலை மட்டும் கறுப்பாகத் தெரிகிற படம். டூர்க்காரர்களுக்குப் பிடித்த படம் அது. பழனி குமார் அந்தக் கைகளை எடுத்திருந்தார், உள்ளங்கையில் வெட்டுக்காயங்களோடு. என் படத்தில் கை தண்ணீருக்குள் இருந்தது. அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பக்கத்தில் போய்க் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை, வெளிச்சம் கிடைத்தது போதும். நான் சலித்துப்போனது ஏரி மேல் என்று நினைத்திருந்தேன். ஏரியில் எனக்கு ஒருவரையும் தெரியாது, சலிப்பதற்கு.

இப்போது ஒரு முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணம்தான் ஒப்புக்கொள்கிறேன். முந்தைய ஆல்பம் லேபுக்குப் போகாமல் அடுத்த முன்பணம் வாங்குவதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கேமராவை வைத்து யாரிடமும் பணம் வாங்குவதில்லை. பூநாரையைக் கரையிலிருந்து பார்ப்பேன். அது பறந்தால் பறக்கட்டும். வருமானம் குறைந்துவிட்டது. மனைவியின் தையல் மெஷின்தான் பாதி வீட்டை ஓட்டுகிறது, அதனால் என் திருந்தலுக்கு விலை கொடுப்பவளும் அவளே. போன வருடம் தெரிந்தவர் ஒருவர் ரொம்பக் கேட்டார் என்று ஒரு ஜோடியை மறுபடி படகில் ஏற்றினேன். உயிர்காப்பு உடை போட்டிருந்தார்கள். இதைச் சாக்காகச் சொல்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

பழைய ஆசை வந்துவிட்டதா என்று கேட்கிறார்கள். சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. வராத நாளில் வேலை செய்யக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். அதைக் குணமானதாக எடுத்துக்கொள்ளலாமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. ஊரடங்குக்குப் பிந்தைய அந்தக் காலத்தில் என்னிடம் கல்யாணம் கொடுத்து, என் போலி விசனத்தை நம்பி, போனால் போகிறது என்று விட்டுவிட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். சிலர் வீடு மாறிவிட்டீர்கள், சிலர் நம்பர் மாற்றிவிட்டீர்கள். இதைப் படித்தால் வீட்டுக்கு வாருங்கள். திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டு, செலக்‌ஷனுக்கு உட்காருங்கள். மீதிப் பணம் வேண்டாம். ஹார்ட் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது.